கலிலேயன் நாவும் கர்த்தருடைய வார்த்தையும்



 

இந்த நாட்களில் ஒரு காரியம் என் உள்ளத்தில் பாரமாய் இருக்கிறது. நாவை அடக்க வேண்டும் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். யாக்கோபு நிருபம் 3-ம் அதிகாரம் நமக்கு மனப்பாடம். ஆனால் காதை அடக்க வேண்டும் என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? ஒருவர் வாயைத் திறந்த உடனே, அவர் என்ன சொல்கிறார் என்று தெரியுமுன்னே, "இவர் படிச்சவர், இவர் பட்டிக்காடு, இவருக்கு அபிஷேகம் இருக்கு, இவருக்கு இல்ல" என்று தீர்ப்பு எழுதிவிடுகிற காது நமக்கு இருக்கிறது. அந்தக் காதைப் பற்றித்தான் இன்று தியானிக்கப் போகிறோம்.

1. குளிர்காயும் இடத்தில் பிடிபட்ட நாக்கு

பேதுரு பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தான். இருட்டு. முகம் சரியாய்த் தெரியாது. "எனக்குத் தெரியாது" என்று மறுதலித்துவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைத்தான். ஆனால் மறுதலித்த அந்த வார்த்தையே அவனைப் பிடித்துக் கொடுத்தது. பக்கத்தில் நின்றவர்கள் அவன் பேச்சை வைத்தே, இவன் அந்தக் கூட்டத்தான் என்று கண்டுபிடித்தார்கள் (மத்தேயு 26:73). கலிலேயனுடைய நாக்கை எருசலேம்காரனுக்கு அவ்வளவு நன்றாய்த் தெரியும்!

கலிலேயர் எப்படிப் பேசினார்கள்? யூதருடைய தல்மூத் நூலில் ஒரு வேடிக்கையான சம்பவம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கலிலேயன் சந்தையில் வந்து, "அமர் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டானாம். அங்கிருந்தவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். ஏறிப்போகிற கழுதையைக் கேட்கிறாயா? குடிக்கிற திராட்சரசத்தையா? உடுத்துகிற கம்பளியையா? அறுக்கிற ஆட்டுக்குட்டியையா? அவர்கள் பாஷையில் இந்த நாலு சொற்களும் தொண்டையிலிருந்து வரும் எழுத்துக்களால்தான் வேறுபடும். கலிலேயன் நாக்கில் அந்த எழுத்துக்கள் தேய்ந்துபோய், நாலும் ஒன்றுபோலக் கேட்டன. அவனுக்கு வேண்டியது என்ன என்று விசாரிப்பதைவிட, அவன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பதுதான் அவர்களுக்குப் பெரிதாய் இருந்தது.

நம்ம ஊரிலும் இது இல்லையா? சென்னைக்காரர் "வாயப்பயம்" என்கிறார். தெற்கே "வாளப்பளம்" என்கிறார்கள். நாகர்கோவில் பக்கத்து விசுவாசி வாய் திறந்தால், "என்னங்க, மலையாளமா?" என்று கேட்கிறோம். பழம் ஒன்றுதான், பிரியமானவர்களே! பசித்தவனுக்கு அது எந்த உச்சரிப்பில் வந்தாலும் பழம்தான்.

2. ஒரு எழுத்தும் 42,000 உயிரும்

சிரிப்போடு முடிந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நியாயாதிபதிகள் 12-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யெப்தாவின் நாட்களில் கீலேயாத்தியருக்கும் எப்பிராயீமியருக்கும் சண்டை வந்தது. கீலேயாத்தியர் யோர்தான் துறைகளைப் பிடித்துக்கொண்டார்கள். தப்பி வருகிறவனை நிறுத்தி ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள்: "ஷிபோலேத்." எப்பிராயீமியனுக்கு "ஷ" வராது. "சிபோலேத்" என்றுதான் வரும். அவ்வளவுதான், அங்கேயே வெட்டிப்போட்டார்கள். அக்காலத்தில் எப்பிராயீமில் விழுந்தவர்கள் 42,000 பேர் என்று வேதம் சொல்லுகிறது.

கவனியுங்கள், இவர்கள் அந்நியர் அல்ல. கீலேயாத்தில் குடியிருந்தவர்களில் மனாசே கோத்திரத்தார் உண்டு. மனாசேயும் எப்பிராயீமும் யோசேப்பின் இரண்டு குமாரர்கள். அண்ணன் வீட்டுப் பிள்ளை தம்பி வீட்டுப் பிள்ளையை ஒரு எழுத்துக்காக வெட்டினான்!

இன்றைக்கு நம் கையில் பட்டயம் இல்லை. ஆனால் சிரிப்பு இருக்கிறது. நம் சபையில் ஒரு தாயார் உபவாச ஜெபத்தில் வேதபாகம் வாசித்தார்கள். வயதான பிறகு முதியோர் கல்வியில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர்கள். "சுவிசேஷம்" என்பது அவர்கள் வாயில் "சுவிசேசம்" என்று வந்தது. "ஸ்தோத்திரம்" என்பது "தோத்திரம்" என்று வந்தது. கடைசி வரிசையில் இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப்பின் அந்தத் தாயார் பல மாதமாய் முன்னால் வரவில்லை. கேட்டால், "வேண்டாங்கய்யா, எனக்கு நாக்கு புரளாது, படிச்ச பிள்ளைங்க வாசிக்கட்டும்" என்கிறார்கள். பார்த்தீர்களா? யோர்தான் துறையில் கேட்ட அதே "ஷ", அதே "ச". சபைக்குள்ளே ஒரு சாட்சியின் வாய் அடைக்கப்பட்டுவிட்டது.

3. காது முந்திக்கொள்கிறது

ஏன் இப்படி நடக்கிறது? தேவன் மனிதனுக்குக் கொடுத்த காது மகா வேகமானது. நம் குரல்வளையில் இரண்டு சிறிய தசை மடிப்புகள் இருக்கின்றன. நாம் பேசும்போது மூச்சுக்காற்று பட்டு அவை அதிர்கின்றன. ஆணுக்கு வினாடிக்கு ஏறக்குறைய 120 முறை, பெண்ணுக்கு ஏறக்குறைய 200 முறை. அந்த அதிர்வு தொண்டை, வாய், மூக்கு வழியாய் வரும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நாதம் உண்டாகிறது. காது அதைப் பிடித்த மாத்திரத்தில் மனது கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது.

ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்து 2014-ம் ஆண்டு வெளியிட்டார்கள். 64 பேருடைய குரலில் "ஹலோ" என்கிற ஒரே ஒரு சொல்லை எடுத்து, 320 பேருக்குக் கேட்கக் கொடுத்தார்கள். அரை வினாடிகூட இல்லாத அந்தச் சத்தத்தைக் கேட்டே, "இவர் நம்பத்தக்கவர், இவர் அதிகாரம் பண்ணுகிறவர்" என்று மதிப்பெண் போட்டார்கள். பெரும்பாலும் எல்லாரும் ஒரேவிதமாய்ப் போட்டார்கள்! ஆனால் ஒன்றை மறந்துவிடாதிருங்கள். எல்லாரும் ஒரேவிதமாய் நினைத்ததினால் அது உண்மை ஆகிவிடாது. அந்த ஆராய்ச்சி கேட்டவர்களின் எண்ணத்தை அளந்ததே தவிர, பேசினவர்களின் உண்மையை அளக்கவில்லை.

கனடா தேசத்தில் மான்ட்ரியல் பட்டணத்தில் வாலஸ் லாம்பர்ட் என்கிற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஒரு சோதனை 1960-ம் ஆண்டு வெளிவந்தது. இரண்டு பாஷையும் நன்றாய்ப் பேசத் தெரிந்தவர்களைக் கொண்டு, ஒரே பகுதியை ஆங்கிலத்தில் ஒருமுறை, பிரெஞ்சில் ஒருமுறை பதிவு செய்தார்கள். கேட்டவர்களுக்கு இரண்டும் ஒரே ஆளின் குரல் என்று தெரியாது. ஆங்கிலத்தில் பேசியபோது புத்திசாலி, நல்ல தோற்றமுள்ளவர் என்று மதிப்பெண் கூடியது. பிரெஞ்சில் பேசியபோது குறைந்தது. ஆங்கிலேயர் மாத்திரமல்ல, பிரெஞ்சுக்காரரும் தங்கள் சொந்த பாஷைக்கே குறைவாய்ப் போட்டார்கள்! ஆள் ஒருவர்தான், பாஷைதான் மாறியது.

நாம் மாத்திரம் என்ன? நாலு வார்த்தை ஆங்கிலம் கலந்து ஒரு சகோதரன் ஜெபித்தால், "அருமையான ஜெபம்" என்கிறோம். அதே விண்ணப்பத்தை ஒரு கூலிக்காரச் சகோதரன் தன் கிராமத்துத் தமிழில் ஏறெடுத்தால், எப்போ முடியும் என்று கண்ணைத் திறந்து பார்க்கிறோம்.

இன்னும் ஒன்று. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து 2010-ம் ஆண்டு ஒரு ஆராய்ச்சி வந்தது. ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீரில்லாமல் இருக்கும் என்பதைப்போன்ற சிறு சிறு வாக்கியங்களை, உள்ளூர் உச்சரிப்பிலும் வெளிநாட்டு உச்சரிப்பிலும் பேச வைத்தார்கள். வெளிநாட்டு உச்சரிப்பில் கேட்டபோது ஜனங்கள் அதைக் குறைவாய் நம்பினார்கள். எழுதிக் கொடுத்ததைத்தான் இவர்கள் வாசிக்கிறார்கள் என்று முன்னமே சொல்லியிருந்தும் அப்படி! காது சிரமப்படும்போது, மனது அந்தச் சிரமத்தைப் பொய் என்று எடுத்துக்கொள்கிறது. புரிந்துகொள்ளக் கொஞ்சம் பிரயாசம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகச் சொன்னவர்மேல் சந்தேகம் வரலாமா?

4. எக்கோவும் அபிஷேகமும்

இதை வாசிக்கும்போது சவுண்ட் பார்க்கிற தம்பிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2018-ம் ஆண்டு வெளியான ஒரு ஆராய்ச்சியில், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள இரண்டு ஆராய்ச்சியாளர்கள் விஞ்ஞானிகளின் பேச்சுப் பதிவுகளை எடுத்தார்கள். அதே ஆள், அதே பேச்சு. ஒரு கூட்டத்தாருக்குச் சத்தம் தெளிவாய், மற்றொரு கூட்டத்தாருக்குச் சத்தம் மோசமாய்க் கொடுத்தார்கள். மோசமான சத்தத்தில் கேட்டவர்கள், அந்த விஞ்ஞானி அவ்வளவு புத்திசாலி அல்ல, அவருடைய வேலையும் அவ்வளவு முக்கியமல்ல என்றார்கள். குறை மைக்கில், பழி மனுஷன்மேல்!

நம் ஆலயத்தின் தகரக் கூரையை நினைத்துப் பாருங்கள். பாஸ்டருக்கு நல்ல மைக், முழு வால்யூம், எக்கோ. சாட்சி சொல்ல வருகிற சகோதரிக்கு, தட்டினால்தான் வேலை செய்கிற பழைய மைக். பிறகு, "பாஸ்டர் குரல்ல வல்லமை இருக்கு, அந்த அக்கா பேசுறது ஒண்ணும் பிடிபடல" என்று சொன்னால் அது நியாயமா?

எக்கோ பற்றி ஒரு உண்மை சொல்லுகிறேன். ஒரு சொல்லின் சத்தத்தைப் பெரும்பாலும் உயிரெழுத்து சுமக்கிறது. அதன் தெளிவைப் பெரும்பாலும் மெய்யெழுத்து சுமக்கிறது. க, ச, ட, த, ப என்பவை சின்ன சத்தங்கள். எக்கோ கூடும்போது முந்தின எழுத்தின் வால் அடுத்த எழுத்தை மூடிவிடுகிறது. கேட்க கம்பீரமாய் இருக்கும், வார்த்தை புரியாது. எக்காளம் விளங்காத சத்தமிட்டால் யுத்தத்துக்கு யார் ஆயத்தமாவான் என்ற கருத்தில் பவுல் அப்போஸ்தலன் கேட்கிறார் (1 கொரிந்தியர் 14:8). விளங்குகிற ஐந்து வார்த்தை அவருக்குப் பெரிதாய் இருந்தது.

அடுத்தது கரகரத்த குரல். சில இடங்களில், பிரசங்கியாருக்குத் தொண்டை கட்டினால்தான் தேவன் பயன்படுத்துகிறார் என்று நினைக்கிறார்கள். பிரியமானவர்களே, கத்திக் கத்தி அந்தச் சிறிய தசை மடிப்புகள் வீங்குவதினால்தான் குரல் கரகரக்கிறது. சிலருக்கு அதில் முடிச்சுகளும் உண்டாகிவிடும். ஆவியானவர் உங்களை உரத்துப் பேச வைப்பாரானால் பேசுங்கள். ஆனால் வீக்கத்தை அபிஷேகம் என்று எண்ணாதிருங்கள். ஜெப வீரர்களே, பாடகர்களே, தண்ணீர் குடியுங்கள், தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு மாறவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல.

5. மௌனமும் வெறி, சத்தமும் வெறியா?

வேதத்தில் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீலோவிலே அன்னாள் ஜெபித்தாள். உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி பார்த்தான். குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினான் (1 சாமுவேல் 1:12-14). எருசலேமிலே பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள் ஆவியில் நிரம்பி, பல பாஷைகளில் சத்தமாய்ப் பேசினார்கள். சிலர் கேட்டார்கள். குடித்திருக்கிறார்கள் என்று பரியாசம் பண்ணினார்கள் (அப்போஸ்தலர் 2:13).

சத்தமில்லாமல் ஜெபித்தாலும் குடி, சத்தமாய் ஜெபித்தாலும் குடி! அப்படியானால் குற்றம் குரலிலா இருந்தது? தீர்ப்புச் சொன்னவர்களிடத்தில் இருந்தது.

இது நமக்கும் சேர்த்துத்தான். நம்மைச் சத்தக்காரர் என்று மற்றவர்கள் சொன்னால் நமக்கு வருத்தம். ஆனால் நம் நடுவில் அன்னாளைப்போல உதடு மாத்திரம் அசைய ஜெபிக்கிற ஒரு சகோதரியைப் பார்த்து, "இவங்களுக்கு இன்னும் ஆவி இல்ல போல" என்று நாம் சொன்னால், நாம் ஏலியின் நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறோம்? ஏலி ஒரு நல்ல காரியம் செய்தான். அன்னாள் தன் இருதயத்தைச் சொன்னபோது காதுகொடுத்துக் கேட்டான், தீர்ப்பை மாற்றினான், சமாதானத்தோடே அனுப்பினான். அந்த ஏலியையாவது பின்பற்றுவோம்.

6. திக்கிப் பேசின மோசே, சரளமாய்ப் பேசின ஆரோன்

யாத்திராகமம் 4-ம் அதிகாரத்தில் மோசே தேவனிடத்தில் சாக்குச் சொன்னான். தனக்குப் பேச்சு வராது, தன் நாக்கு மந்தமானது என்றான். கர்த்தர் அவனை என்ன கேட்டார்? மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார் என்று கேட்டார். நன்றாய்ப் பேசத் தெரிந்த ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். ஆனாலும் அனுப்பப்பட்டவன் மோசேதான். அப்போது மோசேக்கு 80 வயது, ஆரோனுக்கு 83.

பிறகு நடந்ததைப் பாருங்கள். மலையடிவாரத்தில் ஜனங்கள் கூடி வந்து கேட்டபோது பொன் கன்றுக்குட்டியைச் செய்து கொடுத்தவன் யார்? நன்றாய்ப் பேசத் தெரிந்தவன்! நியாயப்பிரமாணப் பலகைகளோடு மலையிலிருந்து இறங்கி வந்தவன் யார்? நாக்கு மந்தமானவன்! உபாகமம் புஸ்தகத்தில் பெரும்பகுதி, பேச்சு வராது என்று சொன்ன அந்த மனிதன் ஜனங்களோடு பேசின பேச்சுதான். அல்லேலூயா!

சில மாதங்களுக்கு முன்னே வெள்ளிக்கிழமை ஜெபத்தை யார் நடத்துவது என்று சபையின் மூப்பர்கள் கூடிப் பேசினோம். திக்கிப் பேசுகிற ஒரு சகோதரரின் பெயரைச் சொன்னேன். ஒரு மூப்பர் உண்மையான அக்கறையோடேயே சொன்னார்: "பாஸ்டர், அவர் நல்ல மனுஷன்தான். ஆனா வாய்ஸ் இல்லையே. அவர் ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள ஜனங்க தூங்கிருவாங்க." இன்னொருவர், "அவருக்கும் கஷ்டமா இருக்குமே ஐயா" என்றார். "அவரையே கேட்டுப் பார்ப்போம்" என்றேன். அவர் சம்மதித்தார். அந்த வெள்ளிக்கிழமை அவர் ஜெபித்து முடிக்க நேரமானது உண்மை. ஆனால் வியாதியாய் இருந்தவர்களில் ஒருவர் பெயரையும் அவர் விடவில்லை. ஒவ்வொரு பெயரிலும் அவர் நாக்கு தடுக்கி நின்றபோது, நாங்களும் அந்தப் பெயரோடே நின்றோம். வேகமாய்ப் படித்துத் தள்ளுகிற ஜாபிதா அன்றைக்குத்தான் ஜெபமாய் மாறினது.

திக்குவாயைப் பற்றிச் சில உண்மைகளைப் பெற்றோர் தெரிந்துகொள்ளுங்கள். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் ஆரம்பிக்கிறது. பல பிள்ளைகளுக்கு வளரும்போது தானாய் மாறிவிடுகிறது. இது புத்திக் குறைவு அல்ல, பாவத்தின் சம்பளம் அல்ல, பிசாசின் பிடியும் அல்ல. மூளையில் பேச்சை நடத்துகிற விதத்தில் உள்ள ஒரு வித்தியாசம். குடும்ப வழியாகவும் வருவது உண்டு. பாடும்போது பெரும்பாலும் திக்காது. பலர் சேர்ந்து ஒன்றாய் வாசிக்கும்போதும் அப்படியே. ஆகவே அப்படிப்பட்டவர் பேசும்போது அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதிருங்கள். "மெதுவா, பதட்டப்படாதே" என்று சொல்லாதிருங்கள். முகத்தைப் பார்த்து, பொறுமையாய்க் காத்திருங்கள். பிள்ளைக்குத் திக்கல் தொடர்ந்து இருந்தால் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் அழைத்துப் போங்கள், ஜெபமும் பண்ணுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

7. ஒரே அதிகாரத்தில் இரண்டு குரல்

அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தில் இரண்டு குரல்கள் வருகின்றன. முதலாவது, சிறையிலிருந்து தப்பி வந்து நடு இரவில் கதவைத் தட்டின பேதுருவின் குரல். ரோதை என்கிற சிறு வேலைக்காரப் பெண் முகத்தைப் பார்க்கவில்லை. குரலைக் கேட்டே பேதுரு என்று அறிந்து, சந்தோஷத்தில் கதவைத் திறக்கக்கூட மறந்து உள்ளே ஓடினாள். உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் அவளைப் பைத்தியம் என்றார்கள். வேலைக்காரப் பெண்ணின் பேச்சுக்கு என்ன மதிப்பு? ஆனால் அவள் சொன்னதுதான் உண்மை.

இரண்டாவது, ஏரோது ராஜாவின் குரல். ராஜவஸ்திரம் தரித்து, சிங்காசனத்தில் உட்கார்ந்து பிரசங்கம் பண்ணினான். இது தேவ குரல் என்று ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். ஏன் அப்படி ஆர்ப்பரித்தார்கள்? 20-ம் வசனத்தைக் கவனியுங்கள். தீரு, சீதோன் பட்டணத்தாருடைய பிழைப்பு ராஜாவின் தேசத்தைச் சார்ந்திருந்தது. வயிற்றுக்காகக் குரலைப் புகழ்ந்தார்கள்! அவன் அந்த மகிமையைத் தேவனுக்குக் கொடுக்கவில்லை, புழுப்புழுத்து இறந்தான்.

பிரியமானவர்களே, அன்பினால் பழகின காது ரோதையின் காது. ஆதாயத்துக்காகப் பழகின காது தீருவின் காது. நாம் ஒரு ஊழியரின் குரலைப் புகழும்போது எந்தக் காதினால் புகழுகிறோம்?

ஆனால் பழகின குரல் என்று காதை மாத்திரம் நம்பவும் கூடாத நாட்களில் இருக்கிறோம். ஈசாக்கின் காது யாக்கோபின் குரலைச் சரியாய்ப் பிடித்தும், கையும் வாசனையும் அவனை ஏமாற்றின. இன்று குரலையே ஆட்டுத்தோல்போலப் போர்த்திக்கொள்ளுகிறார்கள். கொஞ்ச நேரக் குரல் பதிவு கிடைத்தால் போதும், கம்ப்யூட்டர் அதே குரலில் வேறு வார்த்தைகளைப் பேசிவிடும். உங்கள் மகன் குரலில், அல்லது உங்கள் பாஸ்டர் குரலிலேயே, "அவசரமா பணம் அனுப்புங்க" என்று போன் வந்தால், போனை வைத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

8. எழுப்புதலின் குரல் எது?

எழுப்புதல் வந்தால் எப்படிப்பட்ட குரலில் வரும்? சரித்திரத்தைப் பாருங்கள். 1739-ம் ஆண்டு ஜார்ஜ் விட்ஃபீல்ட் அமெரிக்காவின் பிலதெல்பியா பட்டணத்தில் திறந்த வெளியில் பிரசங்கித்தார். மைக் இல்லாத காலம். பெஞ்சமின் பிராங்க்ளின் என்கிற அறிஞர் கூட்டத்திலிருந்து பின்னாலே நடந்து போய், எவ்வளவு தூரம்வரை குரல் தெளிவாய்க் கேட்கிறது என்று பார்த்தார். ஒரு ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று கணக்குப் போட்டு, 30,000-க்கும் மேற்பட்டவர்கள் இவர் குரலைக் கேட்க முடியும் என்று எழுதினார். குரலை அப்படி அளந்த பிராங்க்ளின் அந்தப் பிரசங்கங்களினால் மனந்திரும்பவில்லை. குரல் காதுவரை போகும். இருதயத்துக்குள் போக வேறொருவர் வேண்டும்.

அதே எழுப்புதலில் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் இருந்தார். அவருக்கு உரத்த குரல் இல்லை என்று அவரை அறிந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1741-ம் ஆண்டு ஜூலை 8-ம் தேதி என்ஃபீல்ட் என்கிற ஊரில் அவர் பிரசங்கித்தபோது ஜனங்கள் பாவ உணர்வினால் அலறினார்கள். பிரசங்கம் தடைபடும்படி அழுகை எழும்பினது. பெரிய குரலிலும் தேவன் வந்தார், சிறிய குரலிலும் வந்தார். எலியாவுக்குக் காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் இல்லாமல் மெல்லிய சத்தத்தில் வந்தவர் அல்லவா அவர்!

கொரிந்து சபையார் பவுலின் நிருபங்களைப் பாராட்டினார்கள், அவருடைய பேச்சை அற்பமாய் எண்ணினார்கள் (2 கொரிந்தியர் 10:10). அந்தச் சபையின் காதைத் திருப்தி பண்ணத்தக்க குரல் பவுலுக்கு இல்லை. ஆனால் அந்தச் சபையைப் பெற்றெடுத்தது அந்தக் குரல்தான்.

9. இனி என்ன செய்வோம்?

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் எங்களுக்குக் குரலை ஏற்றவும் இறக்கவும் நிறுத்தவும் கற்றுக்கொடுத்தார்கள். நல்லதுதான், அதற்காக நன்றி சொல்லுகிறேன். நன்றாய்ப் பேசுவது பாவமல்ல. அப்பொல்லோ சாதுரியவான். ஆனால் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் திருத்தமாய் விளக்கினபோது தாழ்மையாய் ஏற்றுக்கொண்டான். பேசுவதற்குப் பயிற்சி உண்டு. கேட்பதற்கும் பயிற்சி வேண்டும். ஆகவே வருகிற மாதத்தில் நாம் இப்படிச் செய்வோமா?

முதலாவது, ஒருவர் பேச ஆரம்பிக்கும்போது உங்கள் காது தரும் முதல் தீர்ப்பை ஒத்தி வையுங்கள். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, "எப்படிப் பேசினார்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "என்ன சொன்னார்? அது வேதத்துக்கு ஒத்திருக்கிறதா?" என்று கேளுங்கள். பெரோயா பட்டணத்தார் அப்படித்தான் செய்தார்கள்.

இரண்டாவது, சாட்சி சொல்ல வருகிற எவருக்கும் நல்ல மைக்கையே கொடுங்கள். எக்கோவைக் குறையுங்கள். உட்கார்ந்து பேச வேண்டியவருக்கு நாற்காலி போடுங்கள்.

மூன்றாவது, வேதம் வாசிக்கிற வரிசையில் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களையும் சேர்க்கிறோம். பிள்ளைகளே, அவர்கள் "சுவிசேசம்" என்று வாசித்தால் நீங்கள் "ஆமென்" சொல்லுங்கள். கொச்சையாய்ச் சொன்னாலும் நற்செய்தி நற்செய்தியே.

நான்காவது, "எனக்குக் குரல் இல்லை" என்று பின்னால் உட்கார்ந்திருக்கிற தேவபிள்ளையே, உனக்கு ஒரு வார்த்தை. ரெக்கார்டில் உன் குரலைக் கேட்டு நீயே வெட்கப்படுகிறாய். அது எல்லாருக்கும் அப்படித்தான். நாம் பேசும்போது நம் குரல் எலும்பு வழியாயும் நமக்குக் கேட்பதால் கனமாய்த் தோன்றுகிறது. பதிவில் காற்று வழியாய் வந்தது மாத்திரம் கேட்பதால் வேறாய்த் தோன்றுகிறது. உன் வாயை உண்டாக்கினவர் உன் குரலை அறிந்திருக்கிறார். அது அவருக்கு அந்நியமல்ல.

கடைசியாக, பேதுருவைப் பாருங்கள். முற்றத்தில் அவனைக் காட்டிக்கொடுத்த நாக்குக்குப் பிறகு என்ன ஆயிற்று? ஏறக்குறைய ஐம்பது நாள் கழித்து, அதே எருசலேமில், அவன் எழுந்து நின்று சத்தமிட்டுப் பேசினான். அன்றைக்குக் கூடிவந்தவர்களும், பேசுகிற இவர்களெல்லாம் கலிலேயர் அல்லவா என்றுதான் ஆச்சரியப்பட்டார்கள். பேதுருவின் உச்சரிப்பைத் தேவன் எருசலேம் உச்சரிப்பாக மாற்றினார் என்று வேதத்தில் எங்கும் இல்லை. மாறினது அவன் இருதயம். மறுதலித்த நாக்கு சாட்சி சொன்னது. அன்றையத்தினம் ஏறக்குறைய 3,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஜனங்கள் கலிலேயன் நாக்கைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருந்தால் அவர்களுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்!

நம் சபையிலும் தேவன் யாருடைய நாவில் தம்முடைய வார்த்தையை வைத்திருக்கிறாரோ நமக்குத் தெரியாது. கேட்கிற காதை நமக்குத் தருவாராக.

ஜெபிப்போமா?

அன்புள்ள ஆண்டவரே, வாயை உண்டாக்கின நீரே எங்கள் காதையும் உண்டாக்கினீர். அவசரமாய்த் தீர்ப்புச் செய்கிற எங்கள் காதுகளைப் பரிசுத்தப்படுத்தும். எங்கள் சிரிப்பினால் அடைபட்டுப்போன வாய்களை மறுபடியும் திறந்தருளும். இனிய குரலிலே வருகிற வஞ்சகத்துக்கு எங்களை விலக்கிக் காத்து, தடுமாறுகிற குரலில் வருகிற உம்முடைய சத்தியத்துக்கு எங்களைக் கீழ்ப்படியப்பண்ணும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்